மண் உட்காரட்டும்

"இந்த ஐப்பசி மழை போகட்டுங்க. மண்ணு உட்காரட்டும். தை பொறந்ததும் கடைக்கால் போட்டுக்கலாம்." வயலை மனையாக்கி வீடு கட்டப் புறப்பட்டவரிடம் காவிரிக் கடைமடைக் கொத்தனார் சொல்கிற ஆலோசனை இது. அனுபவத்தில் வந்த பேச்சு, பாதி உண்மை. மறுபாதியை நம்பினவர்கள் வீட்டில்தான் நாலாம் வருஷம் தரை ஓடு ஆடுகிறது.

அப்படியொரு கடைமடை ஊர், காரைக்கால் நகருக்கு மேற்கே, திருநள்ளாற்றுப் பக்கம் இருக்கும் தருமபுரம். ஆதீனத்துத் தருமபுரம் மயிலாடுதுறையில். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இது யாழ்மூரிநாதர் கோயில் ஊர். சம்பந்தரின் பதிகம் தம் யாழுக்குள் அடங்கவில்லை என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்கியதாகச் சொல்லப்படும் தலம். இந்த வட்டாரத்தின் நிலம் காவிரியின் கிளைகள் கொண்டுவந்து சேர்த்தது. களி ஓர் அடுக்கு, பொடிமணல் ஓர் அடுக்கு, கீழே மறுபடி களி. கடல் பக்கத்திலேயே. மழைக்காலத்தில் கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும். நெல்வயல் என்பது தண்ணீர் நிற்பதற்கென்று மட்டம் பார்த்துத் தாழ்வாக வைத்த இடம். அங்கே வீடு என்றால் முதல் வேலை மண் அடித்து மேடேற்றுவது.

30க்கு 40 மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1200 சதுர அடி. சாலைக்கு மேலே வர மூன்றடி மேடு வேண்டும். 3600 கன அடி, அதாவது 36 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 12 லோடு. லோடு எண்ணியாயிற்று, ஜேசிபி நிரவியாயிற்று, நூல் பிடித்தால் மூன்றடி சரியாக இருக்கிறது. பணமும் கைமாறுகிறது. ஆனால் வெட்டி அள்ளிக் கொட்டிய மண் பொலபொலவென்று காற்றோடு கிடக்கிறது. இறுகினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த மூன்றடியில் இருப்பது 2.4 அடி மண்ணும், வெளியேறக் காத்திருக்கும் 7 அங்குலக் காற்றும்தான். அது ரோலர் ஓடும்போது வெளியேறுமா, குடிபோன பிறகா என்பதுதான் விஷயம். குடிபோன பிறகு என்றால் ஒரே சீராகவும் வெளியேறாது. ஆழமாகத் தூண் ஊன்றிய வீடு அப்படியே நிற்கும். உள்ளே தரை மட்டும் இறங்கி, சுவரடியில் விரல் நுழையும் இடைவெளி விழும். வாசற்படி ஒரு பக்கம் சாயும், கழிவுக்குழாய் இணைப்பில் விட்டுப்போகும்.

மழை இந்தக் காற்றை வெளியேற்றாதா? மணலாக இருந்தால் ஓரளவு வெளியேற்றும். ஈர மணலில் துகள்களைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று நெருங்க விடாமல் தாங்குகிறது; நிறையத் தண்ணீர் விட்டால் அந்தப் படலம் உடைந்து மணல் அமர்கிறது. பேஸ்மெண்டுக்குள் மணல் கொட்டி, தண்ணீர் கட்டி, திமிசுக்கட்டையால் இடிக்கும் பழைய வழக்கம் இதனால்தான் பலிக்கிறது. ஆனால் இங்கே லோடில் வருவது பெரும்பாலும் களி கலந்த சவுடு. மழை மேல் அடுக்கைச் சேறாக்கும். அடியில் கட்டி கட்டியாகக் கிடப்பதன் இடுக்குகள் பல இடங்களில் அப்படியே இருக்கும். அடுத்த பருவத்தில் நீர்மட்டம் ஏறும்போது அந்தக் கட்டிகள் இளகிச் சரியும். அதற்குள் மேலே வீடு வந்திருக்கும்.

ஆக, மண்ணை நாம்தான் உட்கார வைக்க வேண்டும். அதில் தண்ணீரின் பங்கு என்ன என்பது புட்டுக்கு மாவு பிசறுகிறவர்களுக்குத் தெரியும். உலர்ந்த மாவு பிடித்தால் பிடிபடாது. தண்ணீர் கூடினால் கொழுக்கட்டை மாவாகிவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே பதம்தான். காய்ந்த மண்ணில் துகளோடு துகள் உரசி நகர மறுக்கும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் வழுக்கி நெருங்கும். ஈரம் மிஞ்சினால் இடுக்குகளைத் தண்ணீரே அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் சுருங்காது, மண் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான்.

இந்தப் பதத்துக்கு எண் கொடுத்தவர் ரால்ஃப் பிராக்டர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குடிநீர்த் துறைப் பொறியாளர். 1928 மார்ச்சில் அந்த நகரின் செயின்ட் பிரான்சிஸ் அணை நள்ளிரவில் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அது கான்கிரீட் அணை. அதற்கு மாற்றாகப் புகே பள்ளத்தாக்கில் மண் அணை கட்டியபோது, மண் போதுமான அளவு இறுகியதா என்பதை மேஸ்திரியின் கண்பார்வைக்கு விட முடியவில்லை. பிராக்டர் தம் முறையை 1933இல் நான்கு கட்டுரைகளாக வெளியிட்டார். இன்றைக்கும் சைட்டில் "பிராக்டர் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 2720, 7ஆம் பகுதி சொல்வது இது: ஒரு லிட்டர் கொள்ளும் உருளை அச்சு. 2.6 கிலோ சம்மட்டி. மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றிலும் 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 25 அடி. பிறகு எடை. அதே மண்ணில் ஈரத்தைக் கூட்டிக் கூட்டி ஐந்தாறு தடவை செய்தால் உலர் அடர்த்தி ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கும். அந்த உச்சிதான் அந்த மண்ணால் ஆகக்கூடியது. அங்கே இருந்த ஈரம்தான் அதன் பதம். களி மண்ணுக்கு அது 15, 20 சதவீதம் என்று போகும். மணல் கலந்ததற்குக் குறைவு. நெடுஞ்சாலை, விமானத்தளம் போன்றவற்றுக்கு 8ஆம் பகுதி: 4.9 கிலோ சம்மட்டி, 450 மில்லிமீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. கொடுக்கும் ஆற்றல் நாலரை மடங்கு. "95 சதவீதம் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால், எந்தப் பிராக்டரில் 95 என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

ஆய்வகத்தில் உச்சி தெரிந்தபின், மனையில் ரோலர் ஓடிய மண் அதில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. 10 சென்டிமீட்டர் அகலம், 13 சென்டிமீட்டர் உயரமுள்ள இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, மண்ணோடு வெட்டி எடுக்கிறார்கள். கோர் கட்டர் என்பது இதுதான். உள்ளே 1021 கன சென்டிமீட்டர். மண் 1900 கிராம் இருந்தது என்று கொள்வோம். ஈர அடர்த்தி 1.86. ஈரம் 12 சதவீதமானால் உலர் அடர்த்தி 1.66. ஆய்வக உச்சி 1.70 என்றால் 97.7 சதவீதம்; 95 வேண்டும் என்றிருந்தால் தேறியது. அதே 1900 கிராமில் ஈரம் 16 சதவீதமானால் 1.60, சதவீதம் 94.4, தவறியது. தராசில் ஒரே எடைதான். எடையை மட்டும் பார்த்தால் தண்ணீரையும் மண் என்று எண்ணி ஏமாறுவோம்.

ஈரம் பார்க்க அடுப்பில் 105 முதல் 110 டிகிரியில் ஒரு நாள் உலர்த்துவது முறை. சைட்டில் அவ்வளவு நேரம் ஏது? மூடிய பாத்திரத்தில் மண்ணோடு கால்சியம் கார்பைடு பொடியைக் குலுக்குகிறார்கள். மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்கவைக்கிற அதே கல்தான். ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு கிளம்பும், அழுத்தமானியில் முள் ஏறும், சில நிமிடங்களில் சதவீதம் கிடைக்கும். பழத்துக்குத் தடை செய்யப்பட்ட கல் மண்ணுக்கு நியாயமாகப் பயன்படுகிறது.

சல்லி கலந்த கிராவலில் குழாய் இறங்காது. அங்கே சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோட்டு, ஒரே அளவுள்ள உலர் மணலைக் குழியில் கொட்டி, எவ்வளவு மணல் பிடித்தது என்பதிலிருந்து குழியின் அளவைக் கணக்கிடுகிறார்கள். எந்த முறையானாலும், சோதிக்கும் இடத்தை ஒப்பந்தக்காரர் கைகாட்டக் கூடாது என்பது என் கட்சி. ரோலர் பத்துத் தடவை ஓடிய நடுப்பகுதி எப்போதும் தேறும். சோதிக்க வேண்டியது மூலைகளையும் சுவரோரங்களையும்.

மூன்றடியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டுவது இங்கே சாதாரணமாக நடக்கும் தவறு. உருளையின் அழுத்தம் ஆழம் போகப் போகத் தேய்ந்துவிடும். 20, 25 சென்டிமீட்டர் பரப்பி, பதம் பார்த்து, உருட்டி, சோதித்து, பிறகு அடுத்த அடுக்கு. கைக் கம்பாக்டர் என்றால் 15 சென்டிமீட்டர் போதும். களி மண்ணுக்கு வழவழப்பான உருளையைவிட முளைகள் நீட்டிய உருளை நல்லது. ஆங்கிலத்தில் அதன் பெயரே ஆட்டுக்கால் உருளை. வயலில் கிடை போடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை: சின்னக் குளம்பு, சின்னப் பரப்பில் மொத்த எடை, களியைப் பிசைந்து கட்டிகளை உடைக்கும்.

எந்த மண்ணை வாங்குவது? சல்லடைகளில் சலித்து, 4.75 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, அதற்குக் கீழே 75 மைக்ரான் வரை மணல், அதற்கும் கீழே வண்டலும் களியும் என்று பிரிக்கிறார்கள். ஒரு படியில் கொண்டைக்கடலையை மட்டும் நிரப்பினால் இடுக்கு மிச்சம். அதில் அரிசியும் ரவையும் சேர்த்துக் குலுக்கினால் படி கனக்கும். எல்லா அளவும் கலந்த மண்தான் நன்றாக இறுகும். களியை மட்டும் தனியாக ஒரு சோதனை பார்க்க வேண்டும். பத்துக் கிராம் சலித்த மண்ணை ஒரு குவளைத் தண்ணீரிலும், பத்துக் கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விட்டால், தண்ணீரில் கிடந்தது எவ்வளவு கூடுதலாக உப்பியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பெரிதாக உப்பினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம். நிரப்புவதற்கு முன் வயலின் தாள், வேர், மேல் சேறு எல்லாவற்றையும் வழித்துப் போடவும் வேண்டும். புதைத்தால் மட்கும், மட்கினால் பள்ளம்.

இனி கொத்தனார் சொன்னதில் உண்மையான பாதி. ஒரு மீட்டர் இறுகிய நிரப்பு மண், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன். வீடு வருவதற்கு முன்பே வயல்களிமேல் பாரம் ஏறிவிட்டது. அந்தக் களி நீரில் ஊறிக் கிடப்பது. அதை ரோலரால் இறுக்க முடியாது. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர்போல, பாரத்தின் கீழ் மெல்ல மெல்லத் தண்ணீரைக் கசியவிட்டுத்தான் அது அமரும். கார்ல் டெர்சாகி 1925இல் இதற்குக் கணக்குச் சொன்னார்: களி அடுக்கு இரண்டு மடங்கு தடிமனானால் அமர நான்கு மடங்கு காலம். கடலில் மண் கொட்டித் தீவாக்கி 1994இல் திறந்த ஜப்பானின் கன்சாய் விமான நிலையம், அடியிலிருக்கும் களியால், கட்டத் தொடங்கியதிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்குகிறது. ஒரு மழைக்காலம் காத்திருப்பது இந்த அடிக்களிக்காக. அந்தக் காத்திருப்பில் அர்த்தம் இருக்கிறது, மேலே போட்ட மண் ஏற்கெனவே இறுகியிருந்தால்.

மேடேற்றும்போது தண்ணீர் போகும் திசையையும் சேர்த்துத் தீர்மானித்தாக வேண்டும். அமெரிக்க வீட்டு விதி, சுவரிலிருந்து முதல் 10 அடிக்கு 6 அங்குலச் சரிவு கேட்கிறது. நம் 30க்கு 40 மனையில் அந்த 10 அடிக்கு எங்கே போவது? குறைந்தது வாய்க்காலை மூடாமல் இருக்கலாம். ஒவ்வொருவரும் பக்கத்து மனையைவிட அரையடி உயர்த்திக்கொண்டே போனால், கடைசியில் மேடேற்றாத பழைய வீட்டுக்குள்தான் எல்லாருடைய தண்ணீரும் போகிறது.

மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரம், வில்லங்கம் கேட்கிற நேரத்தில் இரண்டு தாள்களையும் சேர்த்துக் கேளுங்கள்: கொட்டிய மண்ணின் பிராக்டர் முடிவு ஒன்று, அடுக்குக்கு அடுக்கு, இடமும் தேதியும் குறித்த அடர்த்திச் சோதனை ஒன்று. நீங்களே மண் அடிப்பதானால் இரண்டாம் லோடு இறங்குவதற்கு முன் கேளுங்கள். மூன்றடி ஏறிய பிறகு அடி அடுக்கில் உருளை ஓட்ட வேண்டுமென்றால் மொத்த மண்ணையும் அள்ளித்தான் ஆக வேண்டும்.