எம்.ஐ.ஏ.வின் இசைத்தொகுப்புகளில் பறையும் புள்ளும்: ஒலிவழி ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இலண்டனிலிருந்து அறிமுகமான எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருட்பிரகாசம், 2005 முதல் 2022 வரை ஆறு இசைத்தொகுப்புகளை வெளியிட்டுள்ளார். அவருடைய பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. பாடலை வரிகளின்வழி மட்டும் அணுகும் ஆய்வுமுறை அவற்றைத் தமிழ்ச்சூழலுக்கு வெளியே நிறுத்திவிடும். தொல்காப்பியம் சுட்டும் கருப்பொருள்களுள் பறை, புள் ஆகிய இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு, இத்தொகுப்புகளில் தமிழ் ஒலி எவ்விடத்தில், எவ்வகையில் இடம்பெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எம்.ஐ.ஏ., மின்னணு இசை, ஒலித்துண்டு, உருமி, கருப்பொருள், புலம்பெயர்வு

1. முன்னுரை

தமிழில் பாடல் பற்றிய ஆய்வுகள் பெரிதும் பாடல்வரி பற்றிய ஆய்வுகளாகவே அமைந்துள்ளன. திரைப்பாடலாயினும் நாட்டுப்புறப் பாடலாயினும், எழுத்தில் பெயர்க்கப்பட்ட வரிகளில் உவமை, கருத்து, யாப்பு, வழக்குச்சொல் முதலியன தேடப்படுகின்றன. தாளம், கருவி, பதிவுமுறை ஆகியவை இசைத்துறையினர்க்கு உரியவை என ஒதுக்கப்படுகின்றன. இம்முறைக்கு எம்.ஐ.ஏ.வின் பதிவுகள் ஓர் இடர்ப்பாட்டைத் தருகின்றன. வரிகளை மட்டும் எழுதிவைத்துப் படித்தால் அவை ஆங்கிலப் பாடல்கள். செவிகொண்டு கேட்டால் அவற்றுள் சிலவற்றின் அடித்தளத்தில் உருமி அதிர்கிறது. வேறு சிலவற்றில் இளையராஜாவின் இசை ஒலிக்கிறது.

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றைக் குறிப்பிடுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என நிலந்தோறும் உரிய பறையை இலக்கண மரபு வகுத்துள்ளது. நிலத்தை அதன் ஒலியாலும் அறியலாம் என்பது இதன் உட்கருத்து. அவ்வாறாயின், நிலத்தை இழந்து வேற்று நாட்டில் வாழும் ஒருவரின் இசையில் பறையும் புள்ளும் என்னவாகின்றன? இவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

2. வாழ்வும் தொகுப்புப் பெயர்களும்

மாதங்கி அருட்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. இளமைப்பருவத்தின் ஒரு பகுதி சென்னையிலும் கழிந்தது. 1986இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் ஏதிலியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககாலத்தவர்; ‘லங்கா ராணி’ என்னும் புதினத்தின் ஆசிரியராக ஈழத்து இலக்கிய வாசகர்க்கு அறிமுகமானவர். தாய் கலா தையல்தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர்.

இவ்வாழ்க்கைக் குறிப்புகள் தொகுப்புகளின் பெயர்களிலேயே பதிந்துள்ளன. ‘அருளர்’ (2005) தந்தையின் இயக்கப்பெயர்; ‘கலா’ (2007) தாயின் பெயர்; ‘மாயா’ (2010) வீட்டில் வழங்கிய பெயர்; ‘மாதங்கி’ (2013) இயற்பெயரும் தெய்வப்பெயரும் ஆகும். ‘எய்ம்’ (2016) மேடைப்பெயரின் எழுத்துகளைத் திருப்பி அமைத்தது. இறுதியாக வந்தது ‘மாதா’ (2022). போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே எம்.ஐ.ஏ. என்னும் மேடைப்பெயர். காணாமற்போதலைத் தன் பெயராகக் கொண்ட ஒருவர், தொகுப்புதோறும் குடும்பத்துப் பெயர்களை மீட்டெடுக்கிறார். எனினும், பெயரில் தமிழ் இருப்பதும் ஒலியில் தமிழ் இருப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை முதல் இரு தொகுப்புகளை ஒப்பிட்டு அறியலாம்.

3. ‘அருளர்’: பொறியின் தாளம்

எம்.ஐ.ஏ. முறையாக இசை பயின்றவர் அல்லர்; இலண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் பயின்றவர். பீச்சஸ் என்னும் கனடிய மின்னணு இசைக்கலைஞரின் தூண்டுதலால் ரோலண்ட் எம்சி-505 என்னும் கருவியில் தாளம் அமைக்கத் தொடங்கினார். இவ்வகைக் கருவியில் பழைய தாளப்பொறிகளின் ஒலிகள் சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு தாளவட்டத்தைச் சமமான கூறுகளாகப் பகுத்து, எந்தக் கூற்றில் எந்த ஒலி விழவேண்டும் என்பதைப் பொத்தான்களால் குறித்துவிட்டால் பொறி அதனை மாறாமல் திரும்பத்திரும்ப இசைக்கும். நீண்ட பயிற்சியின்றியே ஒருவர் தனியறையில் பாடலின் எலும்புக்கூட்டை அமைத்துவிட இயலும். பொருள்வசதியற்ற ஒருவர்க்கு இசை உருவாக்கத்தின் வாயிலைத் திறந்தது இந்த எளிமையே.

‘கலாங்’ என்னும் முதற்பாடல் 2003இல் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. அதனை உள்ளடக்கிய ‘அருளர்’ தொகுப்பு, 2005ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசுக்கான தெரிவுப்பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுப்பில் ஜமைக்காவின் டான்ஸ்ஹால், இலண்டனின் கிரைம், அமெரிக்காவின் ஹிப்-ஹாப் ஆகியவற்றின் தாளக்கூறுகள் கலந்துள்ளன. ‘பக்கி டன் கன்’ என்னும் பாடல், ரியோ டி ஜெனீரோவின் குடிசைப்பகுதிகளில் வளர்ந்த ஃபங்க் கரியோக்கா இசையிலிருந்து எடுக்கப்பட்ட ஒலித்துண்டின்மீது எழுப்பப்பட்டது. ஒலித்துண்டு என்பது முன்னரே பதிவான இசையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் பொருத்துவதாகும். இதனைச் ‘சாம்பிள்’ என்பர்.

‘அருளர்’ தொகுப்பின் தலைப்பிலும், அட்டையிலுள்ள பீரங்கி ஓவியங்களிலும், வரிகளின் போர்க்குறிப்புகளிலும் ஈழம் இருக்கிறது. ஆயின் அதன் தாளத்தில் யாழ்ப்பாணமும் இல்லை, சென்னையும் இல்லை. வந்து சேர்ந்த நகரத்தின் ஒலிகளும், அந்நகரத்து ஏனைய குடியேறிகளின் ஒலிகளுமே உள்ளன. கருப்பொருள் நோக்கில் கூறுவதாயின், இத்தொகுப்பில் ‘செய்தி’ உண்டு, ‘பறை’ இல்லை.

4. ‘கலா’: பறையின் வருகை

இரண்டாம் தொகுப்பை அமெரிக்காவில் பதிவுசெய்வதே தொடக்கத் திட்டம். நுழைவு அனுமதி பெறுவதில் ஏற்பட்ட சிக்கலால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய நாடுகளில் பதிவுகள் நிகழ்ந்தன. எல்லைக் கட்டுப்பாடு என்னும் அரசியல் நடைமுறை ஒரு தொகுப்பின் ஒலியமைப்பையே மாற்றியது என்பதற்கு ‘கலா’ தெளிவான சான்று. அப்பயணத்தில் சென்னையில் உருமி இசை பதிவுசெய்யப்பட்டது.

உருமி, துடியைப் போன்று இடைசுருங்கிய இருமுகத் தோற்கருவி. ஒரு முகம் குச்சியால் அடிக்கப்படும். மறுமுகம் வளைந்த குச்சியால் தேய்க்கப்படும். அடியிலிருந்து தாளமும், தேய்ப்பிலிருந்து உறுமல் போன்ற நீண்ட ஒலியும் பிறக்கின்றன. கோயில் கொடைகளிலும் தேவராட்டத்திலும் இறப்புச் சடங்குகளிலும் ஒலிப்பது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் விழாக்களிலும் உருமிமேளமாக வாழ்வது. பொறியின் தாளம் சமக்கூறுகளில் விழுவது. உருமியின் தேய்ப்பொலியோ ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே வளைந்து ஏறி இறங்குவது. கட்டத்துக்குள் எளிதில் அடங்காதது.

‘பேர்ட் ஃபுளூ’ என்னும் பாடலில் இம்முரண் நன்கு வெளிப்படுகிறது. அப்பாடலில் உருமிக்கூட்டத்தின் அதிர்வே முதன்மையாக நிற்கிறது. மின்னொலி அதனைத் தொடர்ந்து செல்கிறது. வழக்கமான மேலைப் பாடல்களில் கீழைக்கருவி ஒன்று ஓரிரு நொடி ஒலித்து மறையும். பாடலின் கட்டுமானம் அதனைச் சார்ந்திராது. இங்கு உருமியை நீக்கினால் பாடலே எஞ்சாது. இதே பாடலில் ‘ஜெயம்’ (2003) திரைப்படத்திற்கு ஆர்.பி. பட்நாயக் அமைத்த திருவிழாப் பாடலின் ஒலித்துண்டும் உள்ளது. ‘பாய்ஸ்’ என்னும் பாடலும் உருமித் தாளத்தைக் கரீபியன் விழாத்தாளத்துடன் இணைக்கிறது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். உருமி யாழ்ப்பாணத்தின் அடையாளக் கருவி அன்று. பிறந்த குடியின் மண்ணில் போர் மீண்டும் மூண்டிருந்த காலத்தில், ஈழத்தமிழ்க் கலைஞர் ஒருவர் தமிழகத்தின் பறையைத் தமக்குரியதாக ஏற்கிறார். திணைமயக்கம் என இலக்கணம் கூறும் நிலையோடு இதனை ஒப்பிடலாம். சொந்த நிலம் அடைக்கப்பட்டபோது அண்டை நிலத்தின் கருப்பொருள் அதன் இடத்தை நிரப்புகிறது.

5. புள்: குயிலும் கிளியும்

‘கலா’வின் முதற்பாடலான ‘பேம்பூ பாங்கா’வில், ‘தளபதி’ (1991) திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் ஒலித்துண்டு அமைந்துள்ளது. ‘பேர்ட் ஃபுளூ’வின் தலைப்பிலும் ஒலியிலும் பறவைகள் உள்ளன. ஒன்பதாண்டுகளுக்குப் பின் ‘எய்ம்’ தொகுப்பின் ‘பேர்ட் சாங்’, ‘ஆனந்தக் கும்மி’ (1983) திரைப்படத்தின் ‘ஒரு கிளி உருகுது’ பாடலின் ஒலித்துண்டைப் பயன்படுத்துகிறது. அதற்கும் இசை இளையராஜாவே. ‘பேர்ட் சாங்’ பறவைப் பெயர்களை வைத்து ஆங்கிலத்தில் சொல்விளையாட்டு நிகழ்த்துவது.

ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்குப் பின்னணியிலுள்ள ஒலி இனிய அயல்மொழிக் குரல். தமிழ் அறிந்தவர்க்கோ அக்குரல் கிளியைப் பாடும் குரல். மேலே ஆங்கிலத்திலும் பறவை, அடியில் தமிழிலும் பறவை. ஒரே பதிவு இருவகைக் கேட்போர்க்கு இருவேறு ஆழங்களை வைத்திருக்கிறது. வரிகளை மட்டும் அச்சிட்ட தாளில் இவ்விரண்டாம் ஆழம் காணப்படாது.

இப்புட்கள் எவ்வழி வந்தன என்பதும் கருதத்தக்கது. அவை காட்டிலிருந்து வந்தவை அல்ல, திரையிசையிலிருந்து வந்தவை. ஒலிநாடாவிலும் காணொலிநாடாவிலும் கடல் கடந்து சென்ற திரைப்பாடல்களே புலம்பெயர் இல்லங்கள் பலவற்றில் ஊரின் ஒலியாக நிலைபெற்றன. நிலத்துக்குரிய புள், பதிவுக்குரிய புள்ளாக மாறிய வரலாற்றை இவ்வொலித்துண்டுகள் காட்டுகின்றன.

6. இரைச்சலும் பின்வந்த தொகுப்புகளும்

‘மாயா’ 2010 ஜூலையில், ஈழப்போர் முடிந்த மறு ஆண்டில் வெளிவந்தது. இணையக் கண்காணிப்பும் தகவல் பெருக்கமும் அதன் பொருள்; காணொலித் தளத்தின் ஓட்டப்பட்டைகள் முகத்தை மறைக்கும் அட்டைப்படம் இதனை உணர்த்துகிறது. ‘ஸ்டெப்பின் அப்’ பாடலில் துளையிடும் பொறியின் ஒலி தாளமாகிறது. ‘பார்ன் ஃப்ரீ’, சூயிசைட் என்னும் அமெரிக்க இருவர் குழுவின் ‘கோஸ்ட் ரைடர்’ பாடலின் ஒலித்துண்டின்மீது முழங்குவது. இத்தொகுப்பில் பறையும் புள்ளும் பின்னொதுங்கி, இரைச்சலே நிலமாகிறது. அவ்வாண்டின் இறுதிநாளில் ‘விக்கி லீக்ஸ்’ என்னும் கலவைத்தொகுப்பு இணையத்தில் விலையின்றி வெளியானது. அதன் ஒரு கூறே ‘பேட் கேர்ள்ஸ்’ என்னும் தனிப்பாடலாக 2012இல் விரிந்தது.

‘மாதங்கி’யில் கலைக்கும் வாக்குக்கும் உரிய தெய்வம் முன்னிறுத்தப்படுகிறது. விளிம்பு நிலையோடும் தீட்டோடும் தொடர்புறுத்தப்படும் தெய்வம் என்பதால், பறை ஒலியை மையப்படுத்திய கலைஞர்க்கு இப்பெயர் பொருந்துகிறது. ‘மாதா’ தொகுப்பில் ‘புத்தி’ என்னும் தமிழ்ச்சொல்லே ஒரு பாடலின் தலைப்பாகிறது. முதல் தொகுப்பில் பெயராக நின்ற தமிழ், இரண்டாவதில் தாளமாகி, பின்னர் குரலாகவும் சொல்லாகவும் படிநிலையில் வெளிப்படுவதைக் காணமுடிகிறது.

7. புகழும் உரிமையும்

இவ்வாய்வில் ஒரு முரண் புலனாகிறது. எம்.ஐ.ஏ.வுக்கு உலகப்புகழ் தந்த பாடல் ‘பேப்பர் பிளேன்ஸ்’. அது 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு முதல் நூறு பாடல்களின் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. கிராமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. அப்பாடல் தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் ஒலித்துண்டின்மீது அமைந்தது. அதில் உருமியும் இல்லை. தமிழ்த் திரையிசையும் இல்லை. தமிழ் ஒலியைத் தூணாகக் கொண்ட பாடல்கள் அத்தகைய பரவலை அடையவில்லை. அவற்றின் நுட்பத்தை எடுத்துரைக்கும் செவிப்பயிற்சி தமிழறிந்த ஆய்வாளர்க்கே மிகுதியும் உண்டு.

உரிமை பற்றிய வினாவும் எழுகிறது. திரைப்பாடலின் துண்டைப் பயன்படுத்தினால் இசையமைப்பாளர்க்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமுண்டு. தலைமுறைகளாகக் கைமாறி வரும் உருமி அடிவகைகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. மரபுத்தாளத்துக்கு ஆசிரியர் என ஒருவரைச் சட்டம் காண்பதில்லை. உருமியின் ஒலி இலண்டன் நடன அரங்கை அடையும்போது, உள்ளூரில் அக்கருவியை இறப்போடும் சாதியோடும் பிணைத்துத் தாழ்த்தும் பார்வை தளர்கிறது என மகிழலாம். அதனை இசைத்த கைகளுக்கு அந்த மதிப்பு திரும்புகிறதா என்பது தனியே ஆராயத்தக்கது.

8. முடிவுரை

எம்.ஐ.ஏ.வின் தமிழ் அடையாளத்தை அவருடைய அரசியல் கூற்றுகளிலும் வாழ்க்கை வரலாற்றிலும் தேடுவதே இதுவரையிலான பொதுவழக்கு. பதிவுகளைச் செவியால் அணுகும்போது, அவ்வடையாளம் உருமியின் தேய்ப்பொலியிலும், ஆங்கிலச் சொல்லின் அடியில் உருகும் கிளியின் பாட்டிலும் உறைந்திருப்பது தெரிகிறது. நிலத்தைப் பறையாலும் புள்ளாலும் அறிந்த ஓர் இலக்கண மரபு, மின்னணுப் பொறியில் பிறந்த இசைக்கும் பொருந்துகிறது. பாடல் ஆய்வு வரிகளோடு நின்றுவிடாமல் ஒலியையும் பனுவலாகக் கொள்ளுமாயின், கனடாவிலும் மலேசியாவிலும் ஐரோப்பாவிலும் பிறமொழிகளில் பாடும் தமிழ்க்கலைஞர்களின் ஆக்கங்களும் தமிழாய்வின் எல்லைக்குள் வந்துசேரும்.