வீட்டிலேயே புத்துயிர் பெற்ற பில்லியர்ட்ஸ் மேசை

பில்லியர்ட்ஸ் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழுவது சந்தேகம்தான். புகை மண்டிய மையம், பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள், கெட்ட சகவாசம் என்று பெற்றோர் மனத்தில் ஒரு படம் விரியும். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் பதக்கத்துக்குரிய ஆட்டங்களாக இருந்தன என்று சொன்னாலும் அந்தப் படம் எளிதில் மறைவதில்லை.

எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். மூடப்பட்ட ஒரு மையத்திலிருந்து மாமா வாங்கிய எட்டடி மேசை, அவர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான்காம் படிவத்தில் படிக்கும் தம்பி, பள்ளி முடிந்ததும் ஆட்ட மையத்துக்குப் போகிறான் என்று தெரிந்த நாளில் அம்மாவின் கோபமெல்லாம் அந்த மேசை மீது திரும்பியது. "தீபாவளிக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது" என்றார்.

போலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படிக்கும் நான் ஓர் ஒப்பந்தம் பேசினேன். மேசையைச் சரிசெய்கிறேன், தம்பி தினமும் என்னோடு வேலை செய்யவேண்டும், சரியாகாவிட்டால் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடலாம். மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது.

மேசையின் உயிர் பச்சைத் துணியில் இல்லை. அதற்கு அடியில் இருக்கிறது. துணியை உரித்தால் ஸ்லேட் கல் தெரியும். மரப்பலகை ஈரக் காற்றில் வளைந்துவிடும், கல் வளையாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டிலேயே மேசை செய்பவர்கள் கல்லுக்கு மாறினார்கள். எங்கள் மேசையில் மூன்று கல் துண்டுகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை இருக்கும். மாமாவும் அவருடைய நண்பர்கள் மூவரும் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். கற்களில் விரிசல் இல்லை. ஆனால் ஒரு காலின் அடிப்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. அதை வெட்டி நீக்கி, புதிய கட்டை பொருத்தினோம்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. முதலில் சட்டத்தையும் பிறகு கற்களையும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தோம். தாழ்ந்த இடங்களில் கல்லுக்கு அடியில் சீட்டுக்கட்டு அட்டைகளைச் செருகினோம். ஓர் அட்டை ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன மேடு பள்ளத்தையும் பந்து கண்டுபிடித்துவிடும். "பில்லியர்ட்ஸ் போதாதுன்னு சீட்டுக்கட்டுமா?" என்று அம்மா கேட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்முறை. கற்கள் சேரும் இடைவெளியில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, இறுகியதும் தட்டையாகச் சுரண்டினோம்.

மேசையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புதான் எங்களை அதிகம் சோதித்தது. பந்தை உருட்டினால் துள்ளித் திரும்பாமல் 'டொக்' என்று மோதி நின்றது. எங்கள் பாட்டி தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்து, "ரப்பருன்னா இழுபடணுமே, இது ஏன் கட்ட மாதிரி இருக்கு?" என்றார். கேள்வி சரியானது. பதப்படுத்தாத ரப்பர் குளிரில் இறுகும், வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை நீங்கும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அப்படிச் செய்த ரப்பரும் காற்றும் வெப்பமும் பட்டுப் பல ஆண்டுகளில் கெட்டியாகிவிடும். பாட்டி சீவிய மரத்தின் பால் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று அன்றுதான் தம்பி அவரிடம் உட்கார்ந்து கதை கேட்டான்.

பழைய ரப்பரையும் பசையையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினோம். இங்கே உயரம் முக்கியம். பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். ரப்பரின் முனை கல்லிலிருந்து சுமார் 36 மில்லிமீட்டர் உயரத்தில், அதாவது பந்தின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். தாழ்ந்தால் பந்து எகிறும். உயர்ந்தால் பந்தைக் கீழே அழுத்தி வேகத்தைக் குறைக்கும்.

கடைசியாகத் துணி. என் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் பெரும்பகுதி துணிக்கும் ரப்பருக்குமே போனது. ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி ஊசி அடித்துக்கொண்டே போகவேண்டும். அவசரப்பட்டால் சுருக்கம் விழும்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு முதல் பந்தை மெதுவாக உருட்டினோம். எந்தப் பக்கமும் சாயாமல் நேராகப் போய்த் திரும்பியது. பிறகு தம்பி வெள்ளைப் பந்தின் நடுவில் பலமாக அடித்து, அருகிலிருந்த இன்னொன்றின் மீது நேராக மோதவிட்டான். வெள்ளைப் பந்து அப்படியே நின்றது, மற்றது ஓடியது. "அக்கா, இது எங்க இயற்பியல் புத்தகத்துல இருக்கு. உந்தம்!" என்று கத்தினான்.

மேசை இப்போது வீட்டில்தான் இருக்கிறது. வீட்டுப்பாடம் முடிந்த பிறகே ஆட்டம், இரவு ஒன்பது மணிக்குத் தார்ப்பாய் மூடவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். தம்பியின் நண்பர்கள் இங்கே வருகிறார்கள். ஒவ்வொருவர் பெயரும் அம்மாவுக்குத் தெரியும். ஆட்டத்தைப் பற்றிய அவருடைய கருத்து முழுமையாக மாறிவிடவில்லை. ஆனால், மகன் யாரோடு பழகுகிறான் என்று அவர் இப்போது யாரிடமும் விசாரிப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மேசை கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் கல்லில் விரிசல் இருக்கிறதா, சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் நன்றாக இருந்தால் மற்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். கல்லைத் தனியாகத் தூக்காதீர்கள். பசை ஒட்டும்போது காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். கூடவே, வீட்டில் யாரைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்களோ, அவரையே உதவிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.