ஒரு தொடர், பல உரைகள்: 'எவாஞ்செலியன்' அசைவூட்டத் தொடரும் இரசிகர் விளக்கப் பன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு படைப்புக்குப் பல விளக்கங்கள் எழும்போது ஒன்றை மட்டும் மெய்யென நிறுவிப் பிறவற்றைத் தள்ளுதல் தகுமா என்னும் வினாவை, 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்' என்னும் ஜப்பானிய அசைவூட்டத் தொடரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மாறுபட்ட விளக்கங்களை ஏற்பதற்குரிய அளவுகோல்களும் இங்குக் குறிக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: அசைவூட்டத் தொடர், இரசிகர் விளக்கம், பொருள் பன்மை, மொழிபெயர்ப்பு, உரைமரபு.

முன்னுரை

ஹிடேயாகி அன்னோ இயக்கத்தில் கைனாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இத்தொடர், 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் 26 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 'ஏஞ்சல்' எனப்படும் பேருயிர்களை எதிர்க்க, 'எவா' என்னும் பேருருவை இயக்கும் பொறுப்பு 14 வயதுச் சிறுவன் ஷிஞ்சியின்மேல் சுமத்தப்படுகிறது. தந்தையின் புறக்கணிப்பால் ஒடுங்கிய அவனது உள்ளமே கதை வளர வளர முதன்மைக் களமாகிறது. இரசிகர்தம் கருத்து வேறுபாடுகளும் பெரும்பாலும் இவ்வகப்போராட்டத்தைச் சூழ்ந்தே எழுகின்றன.

இரு முடிவுகளும் மூவகை உரைகளும்

இறுதி இரு பகுதிகளில் புறக்கதை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கோட்டோவியங்கள், நிழற்படங்கள், வினாக்கள் ஆகியவற்றின் வழியே ஷிஞ்சியின் மனம் ஆராயப்படுகிறது. அனைவரும் கைதட்டி அவனை வாழ்த்துவதோடு தொடர் நிறைவுறுகிறது. மாந்தர் அனைவரையும் ஓருயிராகக் கலக்கும் திட்டத்தின் புறநிகழ்வுகள் காட்டப்பெறாமையால் பார்வையாளரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1997 ஜூலையில் வெளிவந்த 'எவாஞ்செலியனின் முடிவு' என்னும் திரைப்படம் அந்நிகழ்வுகளைப் பேரழிவாகக் காட்டி, கடற்கரையில் ஷிஞ்சியும் அசுகாவும் எஞ்சியிருப்பதோடு முடிகிறது.

இவ்விரு முடிவுகளுக்கும் இடையிலான உறவை இரசிகர் மூவகையாக விளக்குவர். திரைப்படம் தொலைக்காட்சி முடிவை நீக்கி அதனிடத்தில் நிற்கிறது என்பது முதல் விளக்கம். படத்தின் இரு கூறுகளும் மீண்டும் 25, 26 என எண்ணிடப்பட்டிருப்பது இதற்குச் சான்றாகும். ஒரே நிகழ்வின் அகமும் புறமுமே இரண்டும் என்பது இரண்டாவது. மாந்தர்க் கலப்பு இரண்டிலும் இடம்பெறுவது இதற்கு அரண் செய்கிறது. இரண்டும் வெவ்வேறு வாய்ப்புகள் என்பது மூன்றாவது. வாழ்த்தொலியும் பாழ்பட்ட கடற்கரையும் ஒன்றோடொன்று இயையாமை இதற்கு அடிப்படை. மூன்றுக்கும் படைப்பினுள்ளேயே சான்றுண்டு என்பது கருதத்தக்கது.

படத்தின் இறுதிச் சொற்களும் இத்தகையனவே. தன் கழுத்தை நெரித்த ஷிஞ்சியின் கன்னத்தை அசுகா வருடுகிறாள். அவன் கை தளர்ந்து அழுகிறான். அப்போது அவள் 'கிமோச்சி வாருய்' என்கிறாள். இத்தொடரில் எழுவாய் இல்லை. அவள் அவனை வெறுக்கிறாள் என்றோ, தன் உடல்நலிவைச் சொல்கிறாள் என்றோ கொள்ளலாம். 'அருவருப்பாக இருக்கிறது' என எழுவாயின்றி நாமும் கூறுவதால், இந்நெகிழ்ச்சி தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும்.

மொழிபெயர்ப்பும் விளக்கமும்

24ஆம் பகுதியில் கவோரு என்னும் சிறுவன் ஷிஞ்சியிடம் கூறும் 'சுகி' என்னும் சொல், விருப்பத்தையும் காதலையும் ஒருங்கே குறிக்கவல்லது. முந்தைய ஆங்கில வடிவம் இதனைக் காதல் எனப் பெயர்த்தது. 2019இல் நெட்பிளிக்ஸ் வழங்கிய புதிய வடிவம் விருப்பம் எனப் பெயர்த்தது. சொல்லுக்குச் சொல் நேர்மை என இதனைச் சிலர் ஆதரித்தனர். அவ்வுறவில் தம் வாழ்வைக் கண்ட தற்பால் ஈர்ப்புடைய இரசிகர் பலர், தமக்குரிய பொருள் பறிக்கப்பட்டதாக வருந்தினர். விளக்கவுரிமை வெறும் சுவை வேறுபாடன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. மகனையும் 'காதலன்' எனச் சுட்டிய பழந்தமிழ் வழக்கை அறிந்தோர், ஒரு சொல்லின் பரப்பைக் குறுக்குவதால் நேரும் இழப்பை நன்குணர்வர்.

படைப்பாளர் கூற்றின் இடம்

தொடரில் சிலுவை, ஆதாம், லிலித் முதலிய சமயக் குறியீடுகள் மிகுதி. அவை புதுமையும் கவர்ச்சியும் கருதிச் சேர்க்கப்பட்டனவேயன்றிக் கிறித்தவப் பொருளுடையன அல்ல என உதவி இயக்குநர் கசுயா சுருமாகி கூறியுள்ளார். இக்கூற்று படைப்பாளரின் நோக்கத்தை வரையறுக்கும். குறியீடு பார்வையாளரிடம் ஆற்றும் வினையை வரையறுக்காது. எனவே இதனையும் ஒரு சான்றாகக் கொள்ளலாமே தவிர, இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஏற்புக்குரிய அளவுகோல்கள்

பன்மையை ஏற்றல் எதனையும் ஏற்றலாகாது. ஸ்டான்லி ஃபிஷ் விளக்கச் சமூகங்களின் பங்கை வலியுறுத்தினார். உம்பர்த்தோ எக்கோ விளக்கத்துக்கும் எல்லையுண்டு என்றார். இவ்விரு நிலைகளையும் இணைத்து நோக்க நம் உரைமரபு துணைபுரிகிறது. திருக்குறளுக்கு உரைகண்ட மணக்குடவரும் பரிமேலழகரும் குறள் வைப்புமுறையிலேயே வேறுபடுவர். எனினும் இருவர் உரையும் இன்றளவும் பயிலப்படுகின்றன. 'என்பாரும் உளர்' எனப் பிறர் கருத்தைப் பதிந்தபின் மறுப்பது உரையாசிரியர் வழக்கு. மறுக்கப்பட்ட உரையும் அதனால் அழியாது நின்றது.

இதிலிருந்து மூன்று அளவுகோல்களை வகுக்கலாம்: விளக்கத்துக்குப் படைப்பினுள் சான்று வேண்டும், அது முழுமையோடு முரணாதிருத்தல் வேண்டும், மாற்று விளக்கத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் வேண்டும்.

தொகுப்புரை

எவாஞ்செலியன் விட்டுச்சென்ற இடைவெளிகளே அதன் நீடித்த வாசிப்புக்கு இடமளித்துள்ளன. மாந்தர் அனைவரும் வேறுபாடிழந்து ஒன்றாகும் நிலையை ஷிஞ்சி திரைப்படத்தில் மறுக்கிறான்; பிறரால் புண்பட நேரினும் தனித்தனி மனிதர் வாழும் உலகையே விழைகிறான். அத்தகைய படைப்பை ஒரே விளக்கத்துள் அடக்க முயல்வது அதன் உட்பொருளுக்கே மாறாகும். வெகுசன ஊடக இரசிகரின் விளக்கங்களையும் உரை என்னும் தகுதியில் வைத்து ஆராய்வது தமிழாய்வுக்குப் புதிய களமாக அமையும்.