மாதிரி ரயில் அமைப்பு

மாதிரி ரயில் அமைப்பு என்பது இருப்புப்பாதை, நிலையம், சிக்னல், வண்டிகள் ஆகியவற்றை ஒரே விகிதத்தில் சுருக்கி, ஒரு பலகையின் மேல் இயங்கும்படி அமைக்கும் பொழுதுபோக்கு ஆகும். பொம்மை ரயிலில் பெட்டி ஓர் அளவிலும் நிலையம் வேறோர் அளவிலும் இருக்கலாம். மாதிரி ரயிலில் இன்ஜின் முதல் நடைமேடை இருக்கை வரை அனைத்தும் ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இக்கட்டுரை, திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னை–கூடூர் வழித்தடத்தில் உள்ள ஒரு சிறு நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வீட்டில் இத்தகைய அமைப்பைச் செய்யும் முறையை விளக்குகிறது.

வரலாறு

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில்களுக்கு நிலையான தடஅளவுகளை அறிமுகப்படுத்தியது. பின்னர் 'ஓ' என்ற அளவில் பாதியாக 'எச்.ஓ.' அளவு உருவானது. இன்று உலகில் மிகுதியாகப் பயன்படுவது இதுவே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில் சிக்னல் மின்சுற்றுகளை அமைத்துப் பழகிய மாணவர்கள் சிலர், பிற்காலத்தில் கணினித் துறையின் முன்னோடிகளாயினர். ஹாம்பர்க் நகரின் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் 2001இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் புணே நகரில் உள்ள ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்கி வருகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குச் சென்றது. அந்தப் பாதை திருவள்ளூர் வழியாகச் செல்வது. இம்மாவட்டத்து மாணவர்கள் மாதிரிக்கான நிலையத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அளவு விகிதம்

எச்.ஓ. அளவின் விகிதம் 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும். இது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உள்ள தடஅளவு. இந்திய அகலப்பாதையின் அளவோ 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆகவே கடையில் வாங்கும் எச்.ஓ. தண்டவாளம் நம் பாதையைவிடச் சுமார் 3 மி.மீ. குறுகலானது. பெரும்பாலோர் இந்தச் சிறு பிழையை ஏற்றுக்கொண்டு, வண்டிகளை மட்டும் சரியான அளவில் செய்கின்றனர்.

வேறு சில அளவுகளையும் மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், மாதிரியில் 24.5 செ.மீ.
பெட்டியின் அகலம் 3.25 மீட்டர்; மாதிரியில் 3.7 செ.மீ.
நிலக்கரி ஏற்றும் வேகனின் நீளம் 10.7 மீட்டர், மாதிரியில் 12.3 செ.மீ.
மணிக்கு 60 கி.மீ. வேகம், மாதிரியில் நொடிக்கு 19 செ.மீ.

கடைசிக் கணக்கு முக்கியமானது. வீட்டில் ஓடும் மாதிரி வண்டிகள் பலவும் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டப்படுகின்றன. பொம்மை போலத் தோன்றுவதற்கு அதுவே முதற்காரணம்.

இடம் போதாதவர்கள் 1:160 விகிதமும் 9 மி.மீ. தடமும் கொண்ட 'என்' அளவைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ஏறத்தாழ பாதி நீள அகலம் போதும்.

எந்த நிலையத்தைச் செய்வது

சென்னை சென்ட்ரலைச் செய்ய ஆசை எழுவது இயல்பு. ஆனால் ஒரு பிளைவுட் பலகையின் நீளம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர். 87ஆல் பெருக்கினால் 212 மீட்டர்தான். பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில்கூட அதில் அடங்காது. எனவே வழியில் உள்ள சிறு நிலையமே பொருத்தமானது.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் உள்ள கவரைப்பேட்டை நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய நிலையத்தில் நேராகச் செல்லும் மெயின் பாதையும், அதிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் லூப் பாதையும் இருக்கும். சரக்கு வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்க, விரைவு வண்டி மெயினில் கடந்து செல்லும். பாதை பிரியும் இடத்தில், அசையும் இரு தண்டவாள நாக்குகளைக் கொண்ட அமைப்புக்குப் பாயிண்ட் என்று பெயர்.

2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு–தர்பங்கா பாக்மதி விரைவு வண்டி கவரைப்பேட்டையில் மெயின் பாதையில் செல்ல சிக்னல் பெற்றிருந்தும், லூப் பாதைக்குள் நுழைந்து அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ள மெயின், லூப், பாயிண்ட், சிக்னல் ஆகிய நான்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு மாதிரி அமைப்பு இந்த நான்கையும் ஒரே பலகையில் காட்டிவிடும். வட்டமாகச் சுற்றி ஓடும் பாதை மட்டும் இருந்தால் இவற்றில் ஒன்றும் விளங்காது.

நிலையத்தைப் பார்க்கச் செல்வோர் நடைமேடையில் நின்றே குறிப்பெடுக்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன்படி தண்டனைக்குரியதும்கூட.

பலகையும் பாதையும்

8 அடிக்கு 4 அடி, 12 மி.மீ. பிளைவுட் போதும். அடியில் மரச்சட்டம் அடித்து, இரு பக்கமும் பெயின்ட் பூச வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் ஈரம் உறிஞ்சிப் பருக்கும்; கோடையில் சுருங்கும். அதனால் தண்டவாள இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விடுவது நல்லது.

இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது 2 மீட்டராகும். அதற்கே 4 மீட்டர் அகல அறை வேண்டும். கடையில் கிடைக்கும் 438 மி.மீ. ஆர வளைவைப் பயன்படுத்தினால் நீள்வட்டம் பலகைக்குள் அடங்கும். நீண்ட பெட்டிகளின் நடுப்பகுதி வளைவில் உட்பக்கம் துருத்தும். ஆகவே வளைவை ஒட்டிக் கம்பமோ கட்டடமோ வைக்கக் கூடாது.

நீள்வட்டத்தின் நீண்ட பக்கத்தில் லூப்பை அமைத்தால், பாயிண்டுகள் போக ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம் கிடைக்கும். ஓர் இன்ஜினும் நான்கு வேகன்களும் அதில் நிற்கும். உண்மையான சரக்கு வண்டியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள் இருக்கும். வண்டியின் நீளத்தைக் குறைக்கலாம். வேகனின் அளவைக் குறைக்கக் கூடாது.

பாதைக்கு அடியில் இடும் ஜல்லியின் உண்மை அளவு சுமார் 65 மி.மீ. வரை. மாதிரியில் முக்கால் மி.மீ. மணலை டீ வடிகட்டியில் சலித்தாலே இந்த அளவு கிடைத்துவிடும். கடற்கரை மணல் உதவாது. அதன் உப்பு உலோகத்தை அரிக்கும். எந்த மணலானாலும் அதன் மேல் ஒரு காந்தத்தை நகர்த்தி, ஒட்டும் கருந்துகள்களை நீக்க வேண்டும். இல்லையேல் அவை இன்ஜின் மோட்டாரின் காந்தத்தில் போய்ச் சேரும்.

இந்திய இன்ஜின், பெட்டி மாதிரிகள் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டு மாதிரி ஒன்றின் ஓடும் அடிப்பாகத்தின் மேல், அளவெடுத்து வெட்டிய கெட்டி அட்டையில் உடல் செய்து பொருத்தலாம்.

மின்சாரம்

சாதாரண அமைப்பில் இரு தண்டவாளங்களுக்கும் 12 வோல்ட் நேர்மின்சாரம் தரப்படுகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் திசை மாறும். லூப்பில் ஒரு வண்டியை நிறுத்தி வைக்க, அங்குள்ள ஒரு தண்டவாளத்தை இரு முனையிலும் பிளாஸ்டிக் இணைப்பால் துண்டித்து, அந்தத் துண்டுக்குத் தனி சுவிட்ச் வழியே மின்சாரம் தர வேண்டும். 230 வோல்ட் இணைப்பு பலகையின் பக்கமே வரக் கூடாது. தரமான அடாப்டரைச் சுவரிலேயே பொருத்தி, 12 வோல்ட் கம்பியை மட்டும் கொண்டுவர வேண்டும்.

சிக்னலும் பாயிண்டும்

தொடக்கநிலையாளர் பலர் பாயிண்டைத் திருப்பும் கைப்பிடியிலேயே சிக்னல் விளக்கின் சுவிட்சையும் வைத்துவிடுகின்றனர். இது தவறு. அந்த விளக்கு, நாம் இட்ட கட்டளையை மட்டுமே சொல்லும். பாயிண்ட் உண்மையில் திரும்பியதா என்று சொல்லாது. நடுவில் கம்பி கழன்றிருந்தாலும் பச்சை எரியும். உண்மையான ரயில்வேயில், நாக்கு முழுவதும் நகர்ந்து பொருந்தியதைக் கருவிகள் உறுதி செய்த பின்னரே சிக்னல் விழும்.

இதை வீட்டில் இரண்டு மைக்ரோ சுவிட்சுகளால் செய்துகாட்டலாம். நாக்குகளை இணைக்கும் குறுக்குப் பட்டையின் ஒரு முனையைச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் கைப்பிடியுடன் இணைக்க வேண்டும். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்தில், பட்டையின் மறுமுனை அருகே சுவிட்சுகளை வைக்க வேண்டும். நாக்கு மெயினுக்கு முழுவதும் பொருந்தும்போது முதல் சுவிட்சும், லூப்புக்கு முழுவதும் பொருந்தும்போது இரண்டாவது சுவிட்சும் அழுந்த வேண்டும்.

ஒவ்வொரு சுவிட்சிலும் பொது முனை, அழுத்தினால் இணையும் முனை, அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனை என மூன்று உண்டு. தண்டவாளத்துக்குத் தொடர்பில்லாத தனி 12 வோல்ட் அடாப்டரின் நேர்முனையிலிருந்து 1000 ஓம் மின்தடை வழியாக முதல் சுவிட்சின் பொது முனைக்குக் கம்பி செல்லட்டும். அதன் அழுத்தினால் இணையும் முனையில் பச்சை எல்.இ.டி.; மற்ற முனையிலிருந்து இரண்டாவது சுவிட்சின் பொது முனைக்குக் கம்பி. இரண்டாவதில் அழுத்தினால் இணையும் முனையில் மஞ்சள், மற்றதில் சிவப்பு. மூன்று விளக்குகளின் எதிர்முனைகளையும் அடாப்டரின் எதிர்முனையில் சேர்க்க வேண்டும்.

இப்போது மெயினுக்குப் பச்சை, லூப்புக்கு மஞ்சள் எரியும். நாக்கு நடுவில் நின்றால் இரு சுவிட்சும் அழுந்தாது. தானாகவே சிவப்பு எரியும். எல்.இ.டி.யில் சுமார் 2 வோல்ட் போக, மீதி 10 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர். விளக்குக்கு அது பாதுகாப்பான அளவு.

சோதனையும் பராமரிப்பும்

அமைப்பு முடிந்ததும், நாக்குக்கு இடையில் ஒரு தீக்குச்சியை வைத்துக் கைப்பிடியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் இணைப்பு சரி. பச்சையோ மஞ்சளோ எரிந்தால் சுவிட்சின் இடத்தைத் திருத்திய பிறகே வண்டியை ஓட்ட வேண்டும். நாக்கின் இடையில் சிக்கும் ஒரு மணல் துகளும் தீக்குச்சியின் வேலையைச் செய்துவிடும் என்பதால், இச்சோதனையை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டிய வீடுகளில் தூசி விரைவில் படியும். ஓட்டாத நேரத்தில் பழைய பருத்திப் புடவையால் மூடி வைக்கலாம். தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அது தீப்பற்றும் பொருள் என்பதால், துடைக்கும்போது மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

உண்மையான இன்ஜின்களையும் பெட்டிகளையும் அருகிலிருந்து பார்த்து அளவு குறித்துக்கொள்ள, ஐ.சி.எஃப். அருகே 2002இல் திறக்கப்பட்ட சென்னை ரயில் அருங்காட்சியகம் உதவும்.