பழுதின் மூலம் காணும் தொழில்

மாணவர்களே! நூற்பாலையாயினும் சர்க்கரை ஆலையாயினும், அங்கே பொருளை ஆக்குவோர் ஒரு வகையினர். ஆக்கும் எந்திரங்கள் இடையறாது ஓடுமாறு காப்போர் மற்றொரு வகையினர். பின்னவரைப் பராமரிப்பு டெக்னீஷியன் என வழங்குவர். அவருள்ளும் பல துறைத் திறன் பெற்றவருக்குத் தனி மதிப்பு உண்டு. அத்திறன் யாது, அதனைப் பெறுவது எங்ஙனம் என்பவற்றைக் காண்போம்.

ஆலைகளில் வேலை பெரும்பாலும் கூறு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஃபிட்டர் தண்டையும் பற்சக்கரத்தையும் கவனிப்பார். எலக்ட்ரீஷியன் மின்சாரத்தைக் கவனிப்பார். வெல்டர் உலோகத்தைப் பற்றவைப்பார். ஆனால், எந்திரத்தில் தோன்றும் பழுது இப்பிரிவினைகளை அறியாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பம்பு ஒன்றை ஓட்டும் மோட்டார் அடிக்கடி நின்றுவிடுகிறது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுங்கால் மோட்டார் எரியாமற் காக்கும் ஓவர்லோடு ரிலே என்னும் கருவியே அதனை நிறுத்துகிறது. அவசரக்காரர் ரிலேயின் அளவை உயர்த்திவிடுவார். மோட்டார் ஓடும், சின்னாளில் அதன் சுருள் கருகும். உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கலாம். மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாதிருக்கலாம். மூன்று ஃபேஸ்களுள் ஒன்று விடுபட்டிருக்கலாம். முதலிரண்டும் ஃபிட்டருக்குரியவை, மூன்றாவது எலக்ட்ரீஷியனுக்குரியது. இம்மூன்றையும் முறையாக ஆராய வல்லவரே பழுதின் மூலத்தைக் காண்பார்.

இனி, பயிற்சியைக் கூறுவேன். நம் நாட்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் வழி நடைபெறும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய பிரிவுகளுக்கு 2 ஆண்டுப் பயிற்சி உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, அதன்பின் ஆலையிலேயே உதவித்தொகையுடன் பழகவும் வாய்ப்புண்டு.

ஃபிட்டர் பயிற்சியின் தொடக்கத்தில் இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சமமாக்கச் சொல்வர். இது வீண்வேலை அன்று. வெர்னியர் காலிபர் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து காட்டும். அந்நுண்மையைக் கையும் கண்ணும் மதிக்கக் கற்பது இங்கேதான். பின்னர் மின்சுற்றின் வரைபடத்தைப் படித்தல், மீட்டரால் சோதித்தல், அழுத்தக் காற்றாலும் எண்ணெயாலும் இயங்கும் அமைப்புகளை அறிதல், எந்திரத்திற்கு ஆணையிடும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பழகுதல் எனக் கல்வி விரியும்.

எந்திரவியலையும் மின்னணுவியலையும் இணைத்துக் குறிக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்னும் சொல்லை 1969-இல் ஜப்பானிய பொறியாளர் டெட்சுரோ மோரி ஆக்கினார். ஜெர்மனி 1998-இல் இத்துறைக்கென மூன்றரை ஆண்டுப் பயிற்சியை ஏற்படுத்தியது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இப்பிரிவு இடம்பெற்றுள்ளது. ஆயினும் ஒன்றை மறவாதீர்: பல துறைத் திறன் என்பது எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்வதன்று. முதலில் ஒரு தொழிலில் வேரூன்றிய பின்னரே அடுத்ததற்குக் கிளை பரப்புதல் வேண்டும்.

எல்லாத் திறனுக்கும் முற்பட்டது உயிர்காக்கும் ஒழுங்கு. எந்திரத்தைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தம் பூட்டை இட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நால்வர் வேலை செய்தால் பூட்டும் நான்கு. பின்பு மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தறிய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் சோதனைக் கருவியையே சோதித்துக்கொள்ளல் நன்று. மின்சாரம் நின்றபின்னும் உயர்த்தி நிறுத்திய பாரமும், குழாயில் அடைபட்ட காற்றும், அழுந்திய ஸ்பிரிங்கும் கையை நசுக்க வல்லன. இவற்றையும் அடக்கிய பின்னரே வேலையைத் தொடங்கலாம். “ஐந்து நிமிட வேலைதானே” என்று பூட்டாமற் புகுந்தவருக்கு அடுத்தவர் சுவிட்சைப் போட்டுவிட்டால், அவர் கற்ற கல்வியனைத்தும் துணைக்கு வாரா.

மதிப்பெண் குறைந்தோர்க்கே தொழிற்பயிற்சி என எண்ணுவோர் இன்றும் உளர். வரைபடத்தைப் படிக்கவும், கணக்கிடவும், காரணகாரியம் காணவும், உடன் உழைப்பவர் உயிரைப் பேணவும் வேண்டிய தொழில் எங்ஙனம் தாழ்ந்ததாகும்? கையால் செய்வதில் விருப்பமும், ஏன் என்று கேட்கும் மனமும் உங்களிடம் இருப்பின், இத்தொழிலைத் தயங்காது தேர்ந்தெடுங்கள்.