அமிகா கணினிக்கு இன்னும் எதிர்காலம் உண்டா?

அமிகா என்பது அமெரிக்காவின் கொமடோர் நிறுவனம் 1985 முதல் 1994 வரை விற்பனை செய்த தனிநபர் கணினி வரிசையாகும். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்குத் தோழி என்று பொருள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பிரிட்டன், ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளில் இது பெரும் செல்வாக்குடன் விளங்கியது. தயாரித்த நிறுவனம் நொடித்துப்போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இருந்தும் இதற்கான இயங்குதளப் பதிப்புகளும் துணைப் பலகைகளும் விளையாட்டுகளும் இன்றுவரை புதிதாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. இதனால் அமிகாவுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வி அதன் ஆர்வலர்களிடையே ஓயாமல் எழுகிறது. எந்த அமிகாவைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும்.

வடிவமைப்பு

அமிகாவின் வன்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜே மைனர். இவர் முன்னர் அட்டாரி நிறுவனத்தில் விளையாட்டுக் கருவிகளுக்கும் கணினிகளுக்கும் சில்லுகள் வடிவமைத்தவர். அமிகாவை உருவாக்கிய சிறு நிறுவனத்தை 1984 இல் கொமடோர் வாங்கியது. 1985 சூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் நடந்த அறிமுக விழாவில், ஓவியர் ஆண்டி வார்ஹோல் பாடகி டெபி ஹாரியின் உருவத்தை மேடையிலேயே அமிகாவில் வரைந்து காட்டினார்.

முதல் அமிகாவின் விலை 1,295 டாலர். மோட்டரோலா 68000 செயலியும் 256 கிலோபைட் நினைவகமும் அதில் இருந்தன. செயலியின் வேகம் ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ். அக்காலத்து ஐபிஎம் கணினி பீப் ஒலிக்கு மேல் எதையும் எழுப்பாது. மெக்கின்டாஷின் திரை கறுப்பு வெள்ளையில் இருந்தது. அமிகாவோ 4,096 வண்ணங்களையும் நான்கு தடங்களில் ஸ்டீரியோ ஒலியையும் தந்தது. பல நிரல்களுக்குச் செயலியின் நேரத்தை இயங்குதளமே பங்கிட்டுத் தரும் பல்பணி முறையும் அதில் இருந்தது. வீட்டுக் கணினிகளுக்கு இது பரவலாக வந்து சேர மேலும் பத்தாண்டுகள் பிடித்தன.

இத்தனை குறைந்த விலையில் இது இயன்றதற்குக் காரணம் அக்னஸ், டெனிஸ், போலா என்னும் மூன்று சிறப்புச் சில்லுகள். அக்னஸ் நினைவகத்தில் உள்ள படங்களை இடம்பெயர்க்கும். டெனிஸ் அவற்றைத் திரைக்கு அனுப்பும். போலா ஒலியையும் நெகிழ்வட்டையும் கவனிக்கும். 68000 செயலி நினைவகத்தை ஒன்றுவிட்டு ஒரு சுழற்சியில்தான் தொடும். இடைப்பட்ட சுழற்சிகளை இச்சில்லுகள் எடுத்துக்கொண்டன. ஆகவே பெரும்பாலான வேலைகளில் செயலியின் வேகம் குறையாமலேயே படமும் ஒலியும் ஓடின. அக்னஸுக்குள் காப்பர் என்ற சிறு பகுதி ஒன்று உண்டு. அதற்குத் தெரிந்த கட்டளைகள் மூன்றே மூன்று. ஆனால் அது தொலைக்காட்சித் திரையில் வரி வரியாக இறங்கும் கதிரைத் தொடர்ந்து கவனித்து, வேண்டிய வரி வந்ததும் வண்ணத்தை மாற்றிவிடும். அமிகா விளையாட்டுகளில் வானம் அடிவரை படிப்படியாக நிறம் மாறித் தெரிவது பெரும்பாலும் இதன் வேலைதான்.

கணினியின் கடிகாரத் துடிப்பே தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஒத்து அமைந்திருந்ததால் காணொளித் துறையிலும் இது புகுந்தது. 1990 இல் வந்த வீடியோ டோஸ்டர் என்ற துணைப் பலகை, சிறிய தொலைக்காட்சி நிலையங்களுக்கும் எட்டும் விலையில் படத்தொகுப்பு வசதியைத் தந்தது. பாபிலோன் 5 தொடரின் தொடக்க காலத்து விண்வெளிக் காட்சிகள் அமிகா கணினிகளில் உருவானவை.

வீழ்ச்சி

1987 இல் வந்த அமிகா 500 நன்றாக விற்றது. ஆனால் கொமடோர் தன் சில்லுகளை மேம்படுத்துவதில் காலம் தாழ்த்தியது. அடுத்த குறிப்பிடத்தக்க தலைமுறை 1992 இல்தான் வந்தது. அமிகா ஒரு புள்ளியின் நிறத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. அதன் ஒவ்வொரு பிட்டையும் நினைவகத்தின் தனித்தனி அடுக்குகளில் வைக்கும். படம் பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. 1993 இல் டூம் வந்தபோது நிலைமை தலைகீழானது. அத்தகைய முப்பரிமாண விளையாட்டில் ஒவ்வொரு புள்ளியையும் தனியே கணக்கிட்டு எழுத வேண்டும். அதற்கு ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்ற ஐபிஎம் வகைக் கணினிகளின் முறையே வசதியாக இருந்தது.

1994 ஏப்ரல் 29 அன்று கொமடோர் தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் எஸ்காம் நிறுவனம் அதன் உடைமைகளை வாங்கி, 1996 இல் தானும் திவாலானது. 1997 இல் அமிகா கேட்வே 2000 நிறுவனத்திடமும், கொமடோர் என்ற பெயர் நெதர்லாந்தின் டுயூலிப் நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தன. பின்னர் கேட்வே காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அமிகா பெயரை மட்டும் ஒரு சிறு நிறுவனத்துக்கு விற்றது.

இயங்குதளம் வளர இயலாமைக்குக் காரணம்

உரிமையாளர்கள் மாறியதே அமிகா தேங்கியதற்குக் காரணம் என்று ஆர்வலர்கள் பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. மீதிக் காரணம் இயங்குதளத்தின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது.

அமிகா இயங்குதளத்தில் எல்லா நிரல்களும் ஒரே நினைவகத்தைத் தடுப்பின்றிப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நிரல் மற்றொன்றுக்குத் தகவல் அனுப்பும்போது தகவல் நகலெடுக்கப்படுவதில்லை. அது இருக்கும் முகவரி மட்டுமே கைமாறும். 256 கிலோபைட்டில் பல்பணி ஓடியதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் பிழையுள்ள ஒரே ஒரு நிரல் மற்ற எல்லா நிரல்களின் இடத்திலும் கைவைத்துவிடலாம். அவ்வாறு நேரும்போது கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் மின்னி, "குரு மெடிடேஷன்" என்ற செய்தி தோன்றும். அமிகா பயனர்கள் எவரும் இதை மறப்பதில்லை.

இன்றைய இயங்குதளங்களைப் போல நிரல்களுக்கிடையே வேலி போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டால் பழைய நிரல்கள் ஓடாது. அவை இயங்குதளத்தின் உள் அட்டவணைகளை நேரடியாகப் படித்துப் பழகியவை. வேறெந்த நிரலும் இடையில் ஓடாதபடி சற்று நேரம் நிறுத்திவைக்கும் கட்டளையையும் அவை தாராளமாகப் பயன்படுத்துகின்றன. செயலிக் கரு ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை இக்கட்டளை செல்லும். இரண்டு கருக்கள் வந்துவிட்டால், ஒன்றை நிறுத்தினாலும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். பவர்பிசி செயலிகளுக்காக எழுதப்பட்ட அமிகா இயங்குதளம் 4.0 இன் முழுப் பதிப்பு 2006 இல் வந்தது. அதற்கெனப் பின்னாளில் தயாரிக்கப்பட்ட எக்ஸ்5000 என்ற விலையுயர்ந்த கணினியின் செயலியில் இரண்டு கருக்கள் உள்ளன. அமிகா இயங்குதளம் 4.1 அவற்றில் ஒன்றையே பயன்படுத்துகிறது.

பழைய நிரல்களைக் கைவிட்டால் அது அமிகா அல்ல. கைவிடாவிட்டால் நவீனக் கணினி ஆகாது. அன்றாட வேலைக்கான கணினி என்ற அளவில் அமிகாவுக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்வதில் தவறில்லை.

உரிமைச் சிக்கல்

இயங்குதளத்தின் நான்காம் பதிப்பை உருவாக்கும் ஒப்பந்தம் 2001 இல் பெல்ஜியத்தின் ஹைப்பெரியன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பின்னர் அதைப் பற்றி வழக்கு எழுந்து, 2009 இல் சமரசம் ஏற்பட்டது. 68000 வகைச் செயலிகளுக்கான பழைய கிளையை ஹைப்பெரியன் புதுப்பித்து 2018 இல் 3.1.4 பதிப்பையும் 2021 இல் 3.2 பதிப்பையும் வெளியிட்டது. அமிகா பெயரையும் பழைய ரோம் மென்பொருளின் உரிமையையும் கொண்டுள்ள குளோவாண்டோ தரப்புக்கும் ஹைப்பெரியனுக்கும் இடையே மீண்டும் வழக்குகள் மூண்டன. 2022 இல் அமிகா 500 இன் சிறிய மறுவடிவம் ஒன்று கடைகளுக்கு வந்தது. அதன் பெயரில் அமிகா என்ற சொல் கிடையாது. இத்தகைய இழுபறிகளுக்கு அப்பாற்பட்டு, 1995 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் கட்டற்ற இயங்குதளம் அரோஸ் ஆகும்.

பழைய வன்பொருளின் மறுபிறப்பு

மென்பொருளின் வளர்ச்சியைத் தடுத்த அதே இறுக்கம் வன்பொருளின் பாதுகாப்புக்கு உதவியாக அமைந்தது. கொமடோர் சில்லுகளின் செயல்பாட்டை விரிவான கையேடாக வெளியிட்டது. அமிகா 500 உடன் வந்த பயனர் கையேட்டில் மின்சுற்று வரைபடமே இருந்தது. பல ஆண்டுகள் மாறாமல் இருந்த சில்லுகள் என்பதால் நிரலர்கள் அவற்றின் ஒவ்வொரு துடிப்பையும் அறிந்திருந்தனர். அசைவில்லாத இலக்கை அப்படியே நகலெடுப்பது எளிது.

நெதர்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் வான் வீரன், உள்சுற்றை விரும்பியபடி மாற்றியமைக்கக்கூடிய எப்.பி.ஜி.ஏ. சில்லில் அமிகாவின் சிறப்புச் சில்லுகளை மீண்டும் உருவாக்கி, 2007 இல் அவ்வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார். மினிமிக் எனப்படும் அவ்வடிவமைப்பு இன்று பல கருவிகளுக்கு அடிப்படையாக உள்ளது. மென்பொருள் வழியில் அமிகாவைப் போலவே நடந்துகொள்ளும் யுஏஇ எமுலேட்டர் 1990களிலேயே தொடங்கப்பட்டது. பைஸ்டார்ம் என்ற பலகையின் வழி வேறு. பழைய அமிகாவின் செயலியைக் கழற்றிவிட்டு அங்கே ராஸ்பெரி பையைப் பொருத்துகிறார்கள். செயலியின் வேலையை ராஸ்பெரி பை பன்மடங்கு வேகத்தில் செய்ய, மற்ற சில்லுகள் பழையபடி இயங்கும்.

அசல் இயந்திரங்களின் ஆயுளோ குறைந்துகொண்டே வருகிறது. அமிகா 2000, 3000, 4000 ஆகியவற்றின் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட கடிகார மின்கலம் நாளடைவில் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். 600, 1200 போன்றவற்றில் மின்தேக்கிகள் கசிகின்றன. பயன்படுத்தாமல் பரணில் வைத்தால் பழுதாகாது என்று எண்ணியவர்களே அதிகம் இழந்தார்கள். மூலச் சில்லுகள் புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. ஒரு கணினி உயிர்பெற மற்றொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

தொடரும் பயன்பாடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராபிட்ஸ் நகரின் 19 பள்ளிகளில் வெப்பமூட்டலையும் குளிரூட்டலையும் 1980களில் வாங்கிய ஒரே ஓர் அமிகா கட்டுப்படுத்திவருவதாக 2015 இல் செய்தி வெளியானது. அதற்கான நிரலை எழுதியவர் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவர். இத்தகைய பயன்பாடு இன்று அரிது. காப்பர் பட்டைகளும் நான்கு தட இசையும் கலந்த டெமோ எனப்படும் நிகழ்பட நிரல்களை எழுதுவோரிடமே அமிகா உயிர்ப்புடன் உள்ளது. இந்த டெமோ கலையைப் பின்லாந்து 2020 இல் தன் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மற்றொரு தேவை ஆவணக் காப்பகங்களுக்கு உரியது. 880 கிலோபைட் கொண்ட அமிகா நெகிழ்வட்டுகளைச் சாதாரண ஐபிஎம் வகைக் கணினியின் வட்டியக்கியால் படிக்க இயலாது. காந்தப் பூச்சும் ஆண்டுக்காண்டு நலிந்து வருகிறது. வார்ஹோல் 1985 காலத்தில் வரைந்த படங்கள் பிட்ஸ்பர்க்கில் உள்ள அவரது அருங்காட்சியகத்தின் வட்டுகளில் நெடுங்காலம் திறக்கப்படாமல் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்ற மாணவர்கள் அவ்வட்டுகளைச் சேதமின்றி நகலெடுத்தனர். எவருக்கும் தெரியாதிருந்த கோப்பு வடிவத்தை அவிழ்த்து அப்படங்களை அவர்கள் மீட்ட செய்தி 2014 இல் வெளியானது. இன்னும் படிக்கப்படாத அமிகா வட்டுகள் பல வீடுகளின் பெட்டிகளில் உள்ளன.