திரைக்குப் பின்னால் திறந்து கிடப்பவை

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்துச் சிலாவத்துறை போன்ற ஊர்களில் சொந்தக் கணினி இல்லாதவருக்குப் பல்கலைக்கழக விண்ணப்பமோ வெளிநாட்டு வேலைப் பதிவோ கொமியுனிகேஷன் கடைக் கணினியில்தான் நடக்கிறது. ஒருவர் எழும்ப அடுத்தவர் அமர்கிறார். முன்னவர் திறந்த விண்டோ கண்ணில் படவில்லை என்றால் அது மூடப்பட்டுவிட்டது என்றே இருவரும் நினைக்கிறார்கள். ஆனால் சுருக்கிவைத்ததும், வேறொன்றின் பின்னே ஒளிந்ததும், 2015இல் விண்டோஸ் 10உடன் வந்த மேலதிக டெஸ்க்டொப்களில் ஒன்றில் கிடப்பதும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஜிமெயிலும் அடையாள அட்டைப் படமும் அப்படியே திறந்திருக்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டு, புத்தளத்தில் பல ஆண்டு கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் வாழும் கரை இது. காணிப் பத்திரம் ஒன்றை மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதன் ஸ்கேன் பிரதியை முகம் தெரியாத ஒருவர் பார்க்கும்படி விட்டுப் போவது சின்ன விஷயமல்ல.

வேண்டுமென்றே ஒளித்துவைக்கப்படும் விண்டோக்களும் உண்டு. மணிக்கூடு தெரியும் வலது மூலையில், டாஸ்க்பாருக்குப் பின்னால் ஒரு குட்டி விண்டோவை ஒளித்து, பிறர் கணினியில் மொனேரோ என்னும் கிரிப்டோ நாணயம் தோண்டிய தளத்தை 2017 நவம்பரில் மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. பிரவுசரை மூடிய பிறகும் அது ஓடியது. காரணமில்லாமல் கணினி சூடாகி இழுபட்டால் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்ப்பது அதனால்தான். மற்றபடி ஆல்ட், டாப் இரண்டையும் அழுத்தினால் திறந்திருப்பவை வரிசையாகத் தெரியும். விண்டோஸ் விசையுடன் டாப் அழுத்தினால் மற்ற டெஸ்க்டொப்களும் வரும். புரொஜெக்டரையோ இரண்டாம் திரையையோ கழற்றிய பின் சில விண்டோக்கள் இல்லாத அந்தத் திரையிலேயே நின்றுவிடும். ஆல்ட் டாப்பால் அப்படி நின்ற ஒன்றைத் தெரிவுசெய்து, ஆல்டுடன் ஸ்பேஸ், பிறகு எம், பிறகு ஓர் அம்பு விசை என்று அழுத்தி மவுஸை அசைத்தால் அது மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். 'ஹேங் ஆகிட்டுது' என்று பலர் பிளக்கைப் பிடுங்குகிறார்களே, பல வேளைகளில் 'சேவ் செய்யவா' என்று கேட்கும் சிறு பெட்டி பின்னால் காத்திருப்பதுதான் காரணம். நிரப்பிய படிவம் வீணாய்ப் போகிறது.

கணினியை ஓஃப் பண்ணினால் எல்லாம் போய்விடாதா என்பார்கள். போகாது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பிரவுசர் அமைக்கப்பட்டிருந்தால் அதே பக்கங்கள் திரும்பும்; டவுன்லோட் கோப்புகள் எப்படியும் இருக்கும். லொக் அவுட் செய்து, கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்ய வேண்டும். திறந்து கிடந்ததைப் பார்த்ததில் என்ன குற்றம் என்பது அடுத்த கேள்வி. தற்செயலாகக் கண்ணில் பட்டது வேறு. தனக்கு அதிகாரமில்லை என்று தெரிந்தும் அடுத்தவர் மெயிலை ஒவ்வொன்றாகத் திறப்பது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வரும். வாடிக்கையாளரின் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அது நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனதை இங்கே குறையாகத்தான் சொல்ல வேண்டும். 'என் கோப்பை இப்பவே அழியுங்கோ' என்று கேட்க எந்தச் சட்டத் திகதிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தபின் நினைவு வந்தால், போனில் கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்தக் கணினியைத் தெரிவுசெய்து அங்கிருந்தே வெளியேற்றலாம். கணக்கு பறிபோயிருந்தால் கணினி அவசர உதவி அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101ஐ அழைக்கலாம். அதற்கு முன் திரையில் கண்டதைப் படம் எடுத்துவைத்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கும் உதவும்.